அரக்கோணத்தில் கடல் இல்லை, ஐஎன்எஸ் இருக்கிறது: இந்தியக் கடற்படையின் வரலாறும் அமைப்பும்

கேள்வி: இந்தியக் கடற்படை எப்போது தோன்றியது? அதைச் சோழர் கடற்படையின் தொடர்ச்சி என்று சொல்லலாமா? இன்று அது எப்படி நிர்வகிக்கப்படுகிறது? ஐஎன்எஸ் (இந்தியன் நேவல் ஷிப்) என்றால் கப்பல் என்றுதான் படித்திருக்கிறேன்; கடலே இல்லாத அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி இருப்பது எப்படி?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கடற்படையின் ஒழுங்குச் சட்டம் ஒரு காலத்தில், ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கரையில் பயிற்சிப் பள்ளி, கிடங்கு, அலுவலகம் என்று வேலை பார்ப்பவர்களையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டத்தைத் திருத்துவதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கட்டடத்துக்கே கப்பல் பெயரைச் சூட்டி, அங்கே இருப்பவர்களை அந்தக் 'கப்பலின்' ஆட்களாகப் பதிவு செய்தார்கள். அந்த வழக்கம் நம்மிடமும் வந்து நிலைத்துவிட்டது. ராஜாளி 1992-இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம். கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலைச் சுற்றிவிட்டுத் திரும்புகின்றன. ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. பெயரளவில் கப்பல் என்பதால், இப்படிப்பட்ட தளத்தின் வாயிலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போவதைக்கூட மாலுமிகள் 'கரைக்குப் போவது' என்றுதான் சொல்வார்கள்.

இதைச் சும்மா சுவைக்காகச் சொல்லவில்லை. இந்தியக் கடற்படையின் அமைப்பில் 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று தோன்றுகிற எதைத் தோண்டினாலும் அடியில் ஏதாவது ஒரு பழைய காரணம் கிடக்கும். பயிற்சித் தலைமை ஏன் கொச்சியில், ரஷ்யக் கப்பல்கள் ஏன் விசாகப்பட்டினத்தில், தலைமைத் தளபதி பதவிக்கு இந்தியர் வர ஏன் 1958 வரை ஆயிற்று என்பவற்றுக்கெல்லாம் வரலாற்றில்தான் விடை இருக்கிறது. அதனால் வரலாற்றையும் அமைப்பையும் பிரித்துச் சொல்லாமல் சேர்த்தே சொல்கிறேன்.

சோழர் விஷயம். முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டு ஸ்ரீவிஜயப் படையெடுப்பு நடந்த உண்மை. கடல் தாண்டிப் போய்த் துறைமுக நகரங்களைத் தாக்கித் திரும்பும் அளவுக்குக் கப்பலும் ஆளும் அறிவும் இங்கே இருந்தன. ஆனால் அந்தக் கடற்படைக்கும் இன்றைய கடற்படைக்கும் இடையே நிறுவனத் தொடர்ச்சி எதுவும் இல்லை. அதன் தளபதிகளோ பயிற்சி முறையோ ஆவணங்களோ நம் காலம் வரை வந்து சேரவில்லை. பெருமைப்படலாம், வம்சாவளி கோர முடியாது.

இன்றைய கடற்படை தன் தொடக்கமாகக் குறிப்பிடும் ஆண்டு 1612. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கேப்டன் தாமஸ் பெஸ்ட் தலைமையில் அந்த ஆண்டு செப்டம்பரில் சூரத் அருகே வந்து சேர்ந்தன. கம்பெனியின் சரக்குக் கப்பல்களைப் போர்த்துகீசியரிடமிருந்தும் கடற்கொள்ளையரிடமிருந்தும் காப்பாற்றுவதே அந்தச் சிறு படையின் வேலை. வணிகம் பம்பாய்க்கு நகர்ந்த பிறகு, 1686-இல் அது பாம்பே மரைன் ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் அதன் பெரும் தலைவலி மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே. கொங்கணக் கரையில் கம்பெனிக் கப்பல்களை நிம்மதியாகப் போகவிடாத அவரை ஆங்கிலேயர் கொள்ளையன் என்றே எழுதிவைத்தார்கள். இன்று மும்பையில் உள்ள கடற்படைத் தளத்தின் பெயர் ஐஎன்எஸ் ஆங்கரே! கம்பெனிப் படையை முன்னோர் என்று சொல்லிக்கொண்டே அதன் எதிரியின் பெயரையும் சூட்டிக்கொண்ட இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் நம் கடலில் நடந்த கதைதானே.

அந்தக் காலத்திலிருந்து உருப்படியாக எஞ்சியது கப்பல் கட்டும் கலை. சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே தேக்கு மரத்தில் போர்க்கப்பல்கள் கட்டியது. அவர்கள் 1817-இல் வெள்ளோட்டம் விட்ட டிரிங்கோமலி என்ற கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. 1830-இல் இந்தியன் நேவி, 1863-இல் மறுபடி பாம்பே மரைன், 1892-இல் ராயல் இந்தியன் மரைன். கடைசியாகச் சொன்னது பெயரளவில்தான் படை. துருப்புகளை ஏற்றிச் செல்வது, கடல் ஆழம் அளப்பது, கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் கொண்டுபோவது போன்றவையே அதன் பணிகள். போரிடும் வேலையை பிரிட்டிஷ் ராயல் நேவி தன் கையில் வைத்துக்கொண்டது. அதன் விலையைச் சென்னை 1914 செப்டம்பர் 22 இரவு கண்டது. ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. துரத்திப் போக அங்கே ஒரு கப்பல்கூட இல்லை.

இந்தியர் ஒருவர் முதன்முதலாக அதிகாரி ஆனது 1928-இல், அவர் டி. என். முகர்ஜி என்ற பொறியாளர். இந்தத் தாமதத்தின் விளைவு முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. தரைப்படைக்கு 1949-இலும் விமானப்படைக்கு 1954-இலும் இந்தியத் தளபதி கிடைத்துவிட்டார். கடற்படையில் மட்டும் ஆங்கிலேயர்களே தொடர்ந்து, 1958 ஏப்ரலில்தான் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி பொறுப்பேற்றார். அவர் பிறந்த ஊர் நம் செங்கல்பட்டு. ஒரு கப்பற்படைத் தளபதியை உருவாக்க இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். கப்பலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அனுபவத்தை வாங்க முடியாது.

ராயல் இந்தியன் நேவி என்ற பெயர் 1934-இல் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் உலகப் போர் வெடித்து, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய கப்பல்கள் இருந்த படை திடீரென்று பல மடங்கு பெருத்தது. பெங்கால் என்ற சின்னஞ்சிறு கப்பல், 1942 நவம்பர் 11 அன்று, ஆண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்காலிடம் இருந்த பெரிய ஆயுதம் ஒரே ஒரு 12 பவுண்டர் பீரங்கிதான். அதுவும் ஆண்டினாவும் சுட்டதில் ஜப்பானியக் கப்பல்களில் ஒன்று தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. மற்றது விலகிப் போனது.

போர் முடிந்தபோது மாலுமிகளின் பொறுமையும் முடிந்திருந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற தகவல்தொடர்புப் பயிற்சிப் பள்ளியில் (அதுவும் கரையில் இருந்த 'கப்பல்'தான்) மட்டமான சாப்பாட்டையும் மேலதிகாரியின் இனவெறி வசவுகளையும் எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. தகவல்தொடர்புப் பள்ளியில் தொடங்கியதுதான் விசேஷம். வயர்லெஸ் இயக்குபவர்களே கிளர்ச்சி செய்தால் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? சில நாட்களில் 78 கப்பல்கள், சுமார் 20,000 பேர். கராச்சியில் ஹிந்துஸ்தான் கப்பல் பீரங்கிச் சண்டையே நடத்தியது. காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் ஆதரிக்கவில்லை. பட்டேல் பேசிப் பார்த்த பிறகு 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். வேலை இழந்தவர்களில் பலருக்குச் சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் இடம் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

பிரிவினையில் கப்பல்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு என்று பிரிந்தன. இதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அதிகம் எழுதப்படாத இழப்பு பள்ளிகள். பீரங்கிப் பள்ளி, ரேடார் பள்ளி, சிறுவர் பயிற்சி நிலையம் எல்லாம் கராச்சியில் இருந்தன. ஒரே நாளில் அவை வேறு நாட்டில். கப்பல் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, குறி பார்க்கக் கற்றுத்தரப் பள்ளி இல்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தபோது கொச்சி அந்த இடத்தைப் பிடித்தது. தெற்குக் கடற்படைத் தலைமையகம் இன்று பயிற்சித் தலைமையகமாக இருப்பதன் பின்னணி இது.

1950 ஜனவரி 26 அன்று 'ராயல்' போனது. கடற்படையின் குறிக்கோள் வாசகமான 'சம் நோ வருண:' (வருணன் நமக்கு மங்கலம் அருளட்டும்) என்பது தைத்திரீய உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் பரிந்துரைத்தவர் ராஜாஜி. கொடியில் மட்டும் ஆங்கிலேயரின் செஞ்சிலுவை வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டு நீல நிறச் சின்னம் வைத்தார்கள். வானத்தின் நீலத்திலும் கடலின் நீலத்திலும் சின்னம் கரைந்து போகிறது என்று புகார் வந்து 2004-இல் சிலுவை திரும்பி வந்தது. கடைசியாக 2022 செப்டம்பர் 2 அன்றுதான் சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவத்துடன் இன்றைய கொடி ஏறியது.

முதல் பெரிய கப்பலான ஐஎன்எஸ் டெல்லி 1948-இல் வந்தது. அதன் பழைய பெயர் அக்கிலீஸ். 1939-இல் தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீயோடு மோதிய மூன்று கப்பல்களில் ஒன்று. அந்தச் சண்டையில் அதற்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் பாரிதான் 1948-இல் இந்தியக் கடற்படைக்குத் தளபதியாக வந்தார். தன் பழைய கப்பலை வேறு கொடியின் கீழே மறுபடி பார்த்தார். பிறகு ஐஎன்எஸ் மைசூர் வந்தது. 1961 மார்ச்சில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் பெல்ஃபாஸ்ட்டில் சேர்க்கப்பட்டது. எல்லாம் பிரிட்டன் கட்டியவை, பிரிட்டன் கழித்தவை.

1962 சீனப் போருக்குப் பிறகு பணமெல்லாம் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போனது. 1965 போரில் பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகையைச் சுட்டுவிட்டுப் போயின. நம் பக்கம் விக்ராந்த் பழுதுபார்ப்பில் இருந்தது, அரசாங்கமும் கடற்படையை அடக்கியே வைத்திருந்தது. அந்த அவமானம் ஒரு தலைமுறை அதிகாரிகளின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே காலத்தில் நீர்மூழ்கி வேண்டும், புதுக் கப்பல் வேண்டும் என்று லண்டனில் கேட்டுப் பார்த்தார்கள். நம்மால் தாங்கக்கூடிய விலையில் நவீனமானது எதுவும் வரவில்லை. சோவியத் யூனியன் கொடுத்தது. முதல் நீர்மூழ்கியான ஐஎன்எஸ் கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று சேர்ந்தது. பம்பாயின் பட்டறைகள் பிரிட்டிஷ் இயந்திரங்களுக்குப் பழகியவை; சோவியத் கப்பல்களுக்கு வேறு உதிரிபாகம், வேறு அளவு, வேறு மின்சார முறை. ஆகவே அவற்றுக்கான தளம் சோவியத் உதவியோடு விசாகப்பட்டினத்தில் எழுந்தது. அங்கே தலைமையிடமாகக் கிழக்குக் கடற்படைத் தலைமையகம் 1968 மார்ச் 1 அன்று உருவானது. சரியான நேரம். மூன்று ஆண்டுகளில் வங்கக் கடலில் போர் வந்தது.

1971-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சோவியத் யூனியனிடமிருந்து வாங்கிய ஏவுகணைப் படகுகள் துறைமுகத்தைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நான்கு ஏவுகணைகள், நல்ல ரேடார், அசுர வேகம். ஆனால் எரிபொருள் கொஞ்சம்தான், நெடுந்தூரம் போகாது. சரக்குக் கப்பலில் வந்த அவற்றைத் தூக்கி இறக்கும் அளவுக்குப் பெரிய கிரேன் பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பம்பாய் வரை வந்தார்கள். அப்போதுதான் ஒரு யோசனை. பம்பாய் வரை இழுத்துவர முடிந்ததென்றால் கராச்சி வரை இழுத்துப்போக ஏன் முடியாது? டிசம்பர் 4 இரவு நிர்காட், நிபாட், வீர் என்ற மூன்று படகுகள், கில்தான், கச்சால் ஆகிய இரண்டு கப்பல்களின் துணையோடு கராச்சியை நெருங்கின. ரஷ்யாவில் பயிற்சி பெற்ற ஆட்கள் வயர்லெஸ்ஸில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். கைபர் என்ற பாகிஸ்தான் போர்க்கப்பல் அடி வாங்கியபோது, தன்னை விமானம் தாக்கியதாகவே செய்தி அனுப்பியது. கடலிலிருந்து வந்த ஏவுகணை என்று அதற்குத் தோன்றவே இல்லை. கைபரும் கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் ஒரு கப்பலும் ஆயுதம் ஏற்றி வந்த ஒரு சரக்குக் கப்பலும் போயின. நான்கு நாள் கழித்து ஐஎன்எஸ் வினாஷ் என்ற ஒற்றைப் படகு மறுபடி போய்க் கராச்சியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கடற்படை நாள் டிசம்பர் 4-இல் கொண்டாடப்படுவது இதற்காகத்தான்.

கிழக்கே வேறு விதமான சண்டை, முழுக்க மூளைச் சண்டை. அங்கே தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த். அதன் கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிப்பதற்கென்றே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்கு வந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று எதிரி நம்பும்படி வேலை செய்தார். பெரிய கப்பலுக்குத் தேவைப்படும் அளவுக்குக் கறி, காய்கறி வாங்குவது போலக் காட்டுவதும், ஐஎன்எஸ் ராஜ்புட் என்ற பழைய கப்பலை விக்ராந்த் போல வயர்லெஸ் செய்தி அனுப்பவைப்பதும் அந்த நாடகத்தில் அடக்கம். டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு எதிரிலேயே காஜி தன் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியது. ராஜ்புட் போட்ட குண்டுகளால் என்பது நம் தரப்பு. தானே விதைத்த கண்ணிவெடியிலோ உள்ளே ஏற்பட்ட வெடிப்பிலோ என்பது அவர்கள் தரப்பு. எப்படியானாலும் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்க வழி பிறந்தது.

வெற்றிக்கதையில் இதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அருகே ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி ஐஎன்எஸ் குக்ரியை டார்பிடோவால் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார்.

இனி என் சொந்தக் கருத்து. இந்தியக் கடற்படையின் உண்மையான சாதனை 1971 அல்ல, வரைபட மேசைதான். மற்ற இரண்டு படைகளும் வாங்கிக்கொண்டே இருந்தபோது, பட்ஜெட்டில் மிகக் குறைந்த பங்கு பெற்ற கடற்படை 1960-களிலேயே கப்பல் வடிவமைப்புக்கென்று தன் அதிகாரிகளையே பொறியாளர்களாகத் தயாரித்தது. பம்பாயின் மசகான் கட்டுந்தளத்தில் பிரிட்டிஷ் வரைபடத்தை வைத்துக் கட்டிய நீல்கிரி 1972-இல் சேர்ந்தது. அதே வகையில் ஆறு கப்பல்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தார்கள். அந்தத் தைரியத்தில் பிறந்தது 1983-இல் சேர்ந்த கோதாவரி. பிரிட்டிஷ் உடலமைப்பை நீட்டி அகலப்படுத்தி, சோவியத் ஏவுகணையைப் பொருத்தி, மேற்கத்திய மின்னணுக் கருவிகளை இணைத்து, இரண்டு பெரிய ஹெலிகாப்டர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பனிப்போரில் நேருக்கு நேர் நின்ற இரு முகாம்களின் பொருட்களும் ஒரே கப்பலில் ஒன்றோடொன்று பேசவேண்டும்! மின்னழுத்தம் முதல் ரேடார் குறுக்கீடு வரை எல்லாமே சிக்கல். அதைத் தீர்த்தவர்களின் மாணவர்கள்தான் பிறகு டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் வகை நாசகாரிக் கப்பல்களை வடிவமைத்தார்கள். 2016-இல் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை கொல்கத்தா வகையைச் சேர்ந்தது.

புதிய விக்ராந்தும் இதே கதையின் நீட்சி. ரஷ்யாவிடமிருந்து தேவையான எஃகு கிடைக்காமல் போனபோது, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அரசின் எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து உள்நாட்டிலேயே போர்க்கப்பல் எஃகை உருவாக்கின. 2009-இல் அடித்தளம் வைத்த கப்பல், 2013-இல் நீரில் இறங்கி, 2022-இல் படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன், செலவு ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய். பதின்மூன்று ஆண்டு என்பது தாமதம்தான், மறுக்கவில்லை. அதற்கான விமானங்களை இன்னும் நாமே செய்ய முடியவில்லை என்பதும் உண்மை. ரஃபேல் மரைன் விமானங்கள் 26 வாங்க 2025 ஏப்ரலில் பிரான்சுடன் ஒப்பந்தம் ஆயிற்று.

நீர்மூழ்கிகளில் இந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஜெர்மனியின் வடிவமைப்பில் 1980-களில் மசகானில் கட்டக் கற்றுக்கொண்டோம். கமிஷன் ஊழல் புகார் கிளம்பி அந்த ஏற்பாடு நின்றது. கற்ற வெல்டர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். பிரெஞ்சு ஸ்கார்பீன் வகையில் முதலாவது கப்பல் சேர 2017 ஆயிற்று. கட்டுந்தளத்தை ஓர் ஆண்டு சும்மா போட்டால் திறமை துருப்பிடித்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டு போட்டால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அணுசக்தி நீர்மூழ்கித் திட்டம் மட்டும் தனிப்பாதையில் போனது. அரிஹந்த் 2016-இலும் அரிகாட் 2024-இலும் சேர்ந்தன. அணு ஆயுதம் ஏந்தியவை என்பதால் அவற்றுக்கான கட்டளை கடற்படைத் தலைமையிடமிருந்து வராது. அணு ஆயுதக் கட்டளை அமைப்பின் வழியாக வரும்.

இங்கே இன்னொரு நிலத்துக் 'கப்பலை'ச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. சாதாரண வானொலி அலை உப்புநீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் சில மீட்டர் ஆழம் இறங்கும். அப்படிப்பட்ட அலையை அனுப்ப வானளாவிய கோபுரங்களும் பரந்த சமவெளியும் வேண்டும். ஆழத்திலிருக்கும் நீர்மூழ்கிக்கு மேலே வராமலே செய்தி போய்ச் சேர்வது நாங்குநேரிப் பக்கத்துப் பொட்டல் காட்டிலிருந்துதான்.

இப்போது அமைப்பு. உச்சியில் அட்மிரல் தகுதியுள்ள கடற்படைத் தலைமைத் தளபதி, டெல்லியில். அவருக்குக் கீழே துணைத் தளபதி, போர்ச் செயல்பாடுகளுக்கு ஒருவர், ஆட்களுக்கு ஒருவர், தளவாடங்களுக்கு ஒருவர் என நான்கு வைஸ் அட்மிரல்கள். களத்தில் மூன்று தலைமையகங்கள்: மும்பையில் மேற்கு, விசாகப்பட்டினத்தில் கிழக்கு, கொச்சியில் தெற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைஸ் அட்மிரல். மேற்கிலும் கிழக்கிலும் போர்க்கப்பல் தொகுதி ஒவ்வொன்று. அவற்றை ரியர் அட்மிரல் நடத்துவார். அந்தமான் நிக்கோபாரில் 2001 முதல் முப்படையும் சேர்ந்த தனித் தலைமையகம். மும்பைத் துறைமுகத்தின் நெரிசலைக் குறைக்கக் கர்நாடகத்தின் கார்வாரில் பெரிய தளம் எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தளங்களான சென்னை அடையாறு, அரக்கோணம், உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து எல்லாம் கிழக்குத் தலைமையகத்தின் கீழ் வருகின்றன. முப்படைகளையும் பகுதிவாரியாக ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. அது நடந்தால் இந்தப் படம் மாறும்.

பதவிப் பெயர்களில் பலர் ஏமாறுவார்கள். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். தரைப்படைக் கேப்டனோ கடற்படையின் லெப்டினன்ட்டுக்குத்தான் சமம். திருமணப் பத்திரிகையில் 'கேப்டன்' என்று பார்த்தால் எந்தப் படை என்று கேட்டுவிடுவது நல்லது. இன்னொரு குழப்பமும் உண்டு: கப்பலை நடத்துபவர் எந்தப் பதவியில் இருந்தாலும், லெப்டினன்ட் கமாண்டராகவே இருந்தாலும், அந்தக் கப்பலுக்கு அவர்தான் 'கேப்டன்'.

கப்பலுக்குள்ளே வேலை முறை பழங்காலத்தது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்தால் ஆறு முறை வரும். மூன்று குழுக்கள் மாறி மாறி நின்றால் ஒரே குழு தினமும் நள்ளிரவுக்கும் அதிகாலை நாலு மணிக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். அதனால் மாலை 4 முதல் 8 வரையுள்ள முறையை இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்து ஏழாக்குவார்கள். ஏழை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். தினமும் முறை தானாகவே நகர்ந்துவிடும். யாரும் பட்டியல் போட்டுச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

சேர விரும்புபவர்களுக்கு: மாலுமிகள் ஒடிசாவின் சில்காவிலும், அதிகாரிகள் கேரளத்தின் எழிமலையிலும் பயிற்சி பெறுகிறார்கள். மாலுமி சேர்க்கை 2022 முதல் நான்காண்டு அக்னிவீர் முறையில் நடக்கிறது. அப்போதுதான் பெண்களும் மாலுமிகளாக முதன்முதலாகச் சேர்ந்தார்கள். பெரும்பாலான பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழியாகத்தான் கிடைத்தது.

பழுதான பக்கமும் இருக்கிறது. மும்பையில் 2013 ஆகஸ்ட் 14 அன்று சிந்துரக்ஷக் நீர்மூழ்கி துறைமுகத்திலேயே வெடித்து 18 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் இன்னொரு நீர்மூழ்கியில் விபத்து நடந்ததும் தலைமைத் தளபதி டி. கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1998-இல் தலைமைத் தளபதி விஷ்ணு பகவத்தை அரசாங்கமே பதவிநீக்கம் செய்ததும் நடந்திருக்கிறது. இன்னொரு பக்கம், 2008 முதல் ஏடன் வளைகுடாவில் நம் கப்பல் ஒன்று மாற்றி ஒன்று காவலுக்கு நிற்கிறது. 2024 மார்ச்சில் ரூவென் என்ற கடத்தப்பட்ட சரக்குக் கப்பலை மடக்கி, கமாண்டோக்களை விமானத்திலிருந்து கடலில் குதிக்கவைத்து, 17 ஊழியர்களை உயிரோடு மீட்டு, 35 கொள்ளையர்களைச் சரணடையச் செய்தார்கள்.

கடைசியாக, கேட்காவிட்டாலும் தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. கடற்படை வேறு, கடலோரக் காவல்படை வேறு. இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான். ஆனால் காவல்படை 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் அமைந்தது. 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தில் கடத்தல், எண்ணெய்க் கசிவு, மீட்புப் பணி ஆகியவை அதன் பொறுப்பு. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009-இல் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்பின் பொறுப்பு கடற்படையிடம் தரப்பட்டது. தூரத்திலிருந்தே பிரித்தறியலாம்: சாம்பல் நிறமாக இருந்தால் கடற்படை, வெள்ளைக் கப்பலின் முன்பக்கத்தில் சாய்ந்த பட்டை இருந்தால் காவல்படை. கடலில் படகு பழுதாகியோ ஆள் காணாமல் போயோ உதவி தேவைப்பட்டால் கூப்பிட வேண்டியது காவல்படையை. கட்டணமில்லா எண் 1554.